37 காட்டினால் 37 தானா? ஆறு துளை வாட்டர் பாத்: ஒரு மதிப்பீடு

பதினோராம் வகுப்பு செய்முறையில் உமிழ்நீர் அமைலேஸ் (ஸ்டார்ச்சைச் சிதைக்கும் நொதி) சோதனை இருக்கிறது என்பதற்காகவே பல பள்ளிகள் வாங்கும் கருவி வாட்டர் பாத், அதாவது சோதனைக்குழாய்களை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் நீர்த்தொட்டி. எவர்சில்வர் தொட்டி, மேலே வளைய மூடி போட்ட ஆறு துளைகள், முன்பக்கம் சிவப்பு எண்கள் ஒளிரும் டிஸ்ப்ளே. பெரும்பாலும் ஹரியானாவின் அம்பாலாவில் தயாராகி, உள்ளூர் டீலரின் ஸ்டிக்கரோடு வந்து சேர்கிறது. ஸ்டிக்கர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, தண்ணீரைக் கலக்கும் ஸ்டர்ரர் இல்லாத இந்த வகை எப்படி என்று மட்டும் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 40 முதல் 70 டிகிரி வரை நன்றாக உழைக்கும். 37-ல் தடுமாறும். அறை வெப்பத்துக்குக் கீழே இதனால் ஒன்றும் ஆகாது. நொதிச் சோதனைக்கு நமக்கு அதிகம் வேண்டியதோ 37-ம் அதற்குக் கீழேயும்தான்.

ஒன்றிரண்டு டிகிரி கூடக்குறைய இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான நொதிகளில் வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினை வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இந்த மடங்கைத்தான் க்யூ10 என்கிறோம். க்யூ10 இரண்டு என்றால், 1 டிகிரி தவறுக்கு வேகம் 7 சதவீதம் மாறும். 2 டிகிரிக்கு 15 சதவீதம். 3 டிகிரிக்கு 23 சதவீதம். 37 என்று நினைத்துக்கொண்டு ஒரு பெஞ்ச் 35-லும் இன்னொரு பெஞ்ச் 39-லும் சோதனை செய்தால், ஒரே உமிழ்நீர், ஒரே ஸ்டார்ச் இருந்தும் முடியும் நேரம் மூன்றில் ஒரு பங்கு வேறுபடும். பையன்கள் பைப்பெட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்குவார்கள்.

மேலே போகப்போக நிலைமை இன்னும் மோசம். 60-ஐத் தாண்டியதும் வேகம் ஏறுவதைவிட நொதி இயல்பிழப்பது (சூட்டில் வடிவம் குலைந்து செயலிழப்பது) முந்திக்கொள்ளும். இந்த இயல்பிழத்தலுக்கு வெப்பம் கொடுக்கும் உந்துதல் மிக அதிகம். 10 டிகிரிக்கு பத்து மடங்குக்கும் மேல் வேகமெடுக்கும் நொதிகள் இருக்கின்றன. அந்த இடத்தில் 2 டிகிரி பிசகினாலே நொதி சாகும் வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். 37-ல் பிசகினால் கிராஃபின் சாய்வு மாறும். 62-ல் பிசகினால் கிராஃபின் வடிவமே மாறும்.

இனி பெட்டியைப் பார்ப்போம். உள்தொட்டி சுமார் 12 அங்குலம் நீளம், 8 அங்குலம் அகலம், 4 அங்குலம் ஆழம். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் 5 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் ஹீட்டர் காயில், அதன்மேல் துளையிட்ட ஒரு தட்டு. இந்தத் தட்டை எடுத்துவிட்டுச் சோதனைக்குழாயை நேராகக் காயில்மேல் நிறுத்தக் கூடாது. குழாயின் அடி மட்டும் வெந்துவிடும்.

வடிவமைப்பில் பெரிய குறை மூடிதான். ஆறு துளைகளும் பீக்கருக்கும் கூம்புக்குடுவைக்கும் அளவெடுத்தவை. சிறிய வளையத்தை மட்டும் எடுத்தாலும் சோதனைக்குழாய் அதில் நிற்காது, உள்ளே சரிந்துவிடும். குழாய்த் தாங்கியை உள்ளே வைக்கலாம் என்றால் மூடியையே கழற்ற வேண்டும். கழற்றினால் மேற்பரப்பு முழுக்கத் திறந்து, ஆவியாதலால் மேல்மட்ட நீர் குளிரும். 60 டிகிரியில், சீலிங் ஃபேன் ஓடும் அறையில், மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு தெர்மாமீட்டரிலேயே தெரியும். பலர் செய்வது போல 250 மி.லி பீக்கரில் தண்ணீர் ஊற்றி, குழாய்களை அதற்குள் வைத்து, பீக்கரைத் துளையில் இறக்கலாம். ஆனால் வெப்பம் இரண்டு கண்ணாடியைத் தாண்ட வேண்டும், தாமதமும் கூடும். மூடியைக் கழற்றி, எவர்சில்வர் கம்பித் தாங்கியை வைத்து, நீர்ப்பரப்பை பாலிபுரொப்பிலீன் உருண்டைகளால் மூடுவதே நல்ல வழி. உருண்டை கிடைக்காவிட்டால் ஃபேனையாவது நிறுத்துங்கள்.

தெர்மோஸ்டாட்டில் இரண்டு வகை. திருகு குமிழ் உள்ள அனலாக் மாடலில் திரவம் அடைத்த நுண்குழாய் விரிந்து சுருங்கி சுவிட்சைத் தட்டும். இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் விளக்கு அணைந்து, இறங்கினால் எரிவது போலத்தான். அணையும் புள்ளிக்கும் மறுபடி எரியும் புள்ளிக்கும் நடுவே பல டிகிரி இடைவெளி இருக்கும். நொதி வேலைக்கு இது வேண்டவே வேண்டாம். பழையது ஏற்கெனவே இருந்தால் 100 டிகிரி கொதிநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் என்று எழுதியிருந்தாலே பிஐடி (இலக்கை நெருங்கும்போதே சூட்டைக் குறைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு) என்று நம்பிவிடக் கூடாது. எண்ணைக் காட்டுவது மட்டும் டிஜிட்டல், உள்ளே வெறும் ஆன்-ஆஃப் ரிலே, இப்படியும் நிறைய விற்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். செட் பாயின்ட்டை நெருங்கும்போது ஹீட்டர் விளக்கைப் பாருங்கள். பிஐடி என்றால் இரண்டு மூன்று டிகிரி முன்னாலிருந்தே விட்டுவிட்டு எரியத் தொடங்கும். ஆன்-ஆஃப் என்றால் கடைசி வரை நின்று எரிந்து, ‘டக்’ என்ற சத்தத்தோடு அணையும்.

அந்த ‘டக்’குக்குப் பிறகுதான் வம்பு. 1000 வாட் காயில் 5 லிட்டர் நீரை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி ஏற்றும். கரன்ட் நின்ற பிறகும் காயிலில் தேங்கிய சூடு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், சென்சாரும் அதைத் தாமதமாகவே உணரும். ஆக 37-க்கு வைத்தால் 38, 39 என்று மேலே ஓடும். வாட் அதிகமானால் நல்லது என்று நினைத்து 1500 வாட் மாடலை வாங்குவோர் இந்தத் தொல்லையை இன்னும் பெரிதாக வாங்கிக்கொள்கிறார்கள். 5 லிட்டர் தொட்டிக்கு 500 வாட் தாராளம். 30-லிருந்து 37-க்கு ஏற அதற்கு ஐந்து நிமிடமே ஆகும். 60-க்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மேலே ஓடியது இறங்கி வருமா என்றால், அங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே நிற்கிறது. விவரத்தாளில் ‘அறை வெப்பநிலை + 5 டிகிரி முதல்’ என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. இந்தப் பெட்டியில் குளிர்விக்கும் பாகம் எதுவும் கிடையாது. தண்ணீர் தானாக ஆறினால்தான் உண்டு. ஏசி இல்லாத லேபில் மே மாதம் அறையே 34 என்று வைத்துக்கொண்டால், இந்தக் கருவி உத்தரவாதத்தோடு நிறுத்தும் குறைந்தபட்சம் 39. 37-ல் நிறுத்தவே முடியாது என்று அர்த்தமில்லை. 39-க்கு ஓடிவிட்டால், வெறும் 5 டிகிரி வித்தியாசத்தில் 5 லிட்டர் நீர் ஆறி 37-க்கு வர ஒரு பீரியடே போய்விடும். கருவியும் வேலை செய்கிறது, விளக்கும் அணைந்திருக்கிறது, டிஸ்ப்ளே மட்டும் 39-லேயே நிற்கும். பழுது என்று டீலருக்கு போன் போட வேண்டாம். முதலில் 35-க்கு செட் செய்து, அது ஓடி நின்ற பிறகு 36, பிறகு 37 என்று கீழிருந்து மேலே ஏற்றுங்கள். தாண்டிவிட்டால் ஒரு டம்ளர் குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்குங்கள்.

டிஸ்ப்ளே காட்டும் எண் சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பநிலை. சென்சார் தொட்டியின் ஓரத்தில், காயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது; உங்கள் நொதி நடுவில், கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது. சரிபார்க்க ஒரே வழி, ஒரு சோதனைக்குழாயில் 5 மி.லி நீர் ஊற்றி, அதில் தெர்மாமீட்டரைச் செருகி, மற்ற குழாய்களோடு அதே தாங்கியில் வைப்பது. இந்தக் குழாய் சோதனை முடியும் வரை அங்கேயே இருக்கட்டும். குழாயில் உள்ள திரவ மட்டத்தைவிடத் தொட்டி நீர் ஒரு விரல் உயரமாக இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் இருந்த 5 மி.லி திரவம் பாத்தின் வெப்பத்தை எட்ட 3 முதல் 5 நிமிடம் பிடிக்கும்.

தெர்மாமீட்டரையே நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. சிவப்புத் திரவம் உள்ள ஆல்கஹால் தெர்மாமீட்டர்கள் 1 டிகிரி பொய் சொல்வது சகஜம். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 என்பது கடற்கரை ஊர்களுக்கு மட்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 37-க்கு மட்டும் பார்க்க வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரே போதும். அந்த எல்லைக்குள் 0.1 டிகிரி துல்லியம் அதற்கு உண்டு. வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், பிஐடி கன்ட்ரோலரின் மெனுவில் ஆஃப்செட் என்ற இடத்தில் அதைப் போட்டுவிடலாம். மலிவு மாடல்களில் இந்த மெனு இருக்காது. ஒரு பேப்பரில் ‘37-க்கு 36.2 வை’ என்று எழுதிக் கருவியின்மேல் ஒட்டிவிடுவதுதான் வழி.

இனி நொதியையே வைத்துக் கருவியைச் சோதிக்கும் முறை. கரையும் ஸ்டார்ச் 1 கிராமைக் குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கும் 90 மி.லி நீரில் ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்து, 100 மி.லி ஆக்குங்கள். 0.3 கிராம் உப்பு சேருங்கள். உமிழ்நீர் அமைலேஸுக்குக் குளோரைடு அயனி வேண்டும். அன்று செய்த கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வாயை நன்றாகக் கொப்பளித்து, ஐந்து நிமிடம் கழித்து எடுத்த உமிழ்நீரை பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்யுங்கள். நீர்க்காமல் போட்டால் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்து, 30-க்கும் 37-க்கும் வித்தியாசமே தெரியாது. 37-ல் 4 முதல் 6 நிமிடத்தில் முடியும் அளவுக்கு நீர்த்தால் கணக்கு வசதி. எல்லாக் குழாய்களுக்கும் ஒரே ஆளின் உமிழ்நீர்தான். அமைலேஸுக்கான மரபணுவின் நகல் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறும், நொதியின் அளவும் அதற்கேற்ப மாறும்.

5 மி.லி ஸ்டார்ச்சைத் தனிக் குழாயிலும், 1 மி.லி உமிழ்நீரைத் தனிக் குழாயிலும் பாத்தில் 5 நிமிடம் வைத்த பிறகே கலக்க வேண்டும். பெரும்பாலான லேப்களில் சோதனை கெடுவது இங்கேதான். வெளியே கலந்து உள்ளே வைத்தால் முதல் சில நிமிட வினை அறை வெப்பத்திலேயே நடந்துவிடும். 70 டிகிரிக் குழாய்கூட ‘வேலை செய்தது’ போலத் தெரியும். கலந்த நொடியில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, 30 நொடிக்கு ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டின் குழியில் உள்ள அயோடின் சொட்டில் விடுங்கள். கருநீலம், ஊதா, செம்பழுப்பு என்று மாறி, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தைக் குறியுங்கள்.

அயோடினை நேராகச் சூடான குழாயில் ஊற்றாதீர்கள். ஸ்டார்ச்-அயோடின் நீலம் சூட்டில் தானே வெளுக்கும், ஆறினால் திரும்ப வரும். 70 டிகிரிக் குழாயில் நீலம் இல்லை என்று பார்த்து, நொதி பிரமாதமாக வேலை செய்திருக்கிறது என்று எழுதிய ரெக்கார்டு நோட்டுகள் ஏராளம். பீங்கான் தட்டு குளிர்ந்திருப்பதால் இந்தப் பிழை வராது.

37-ல் 4 நிமிடம் என்றால் 27-ல் சுமார் 8 நிமிடம் வர வேண்டும். 2 டிகிரி ஐஸ் பாத்தில் அதே கணக்குப்படி முக்கால் மணி நேரம். ஐஸில் நொதி ‘செயலிழக்கிறது’ என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அது மெதுவாகிறது, அவ்வளவுதான். பீரியட் முடிவதற்குள் நிறம் மாறாததால் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. ஐஸ் குழாயை 37-க்கு மாற்றினால் சில நிமிடத்தில் நீலம் போய்விடும். 70-ல் பத்து நிமிடம் கிடந்த உமிழ்நீரை 37-க்குக் கொண்டுவந்தாலோ ஒன்றும் நடக்காது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்தது.

50 டிகிரியில் 37-ஐவிடச் சீக்கிரம் முடிந்தால் கருவியைச் சந்தேகப்பட வேண்டாம். உகந்த வெப்பநிலை என்பது நொதியின்மேல் பொறித்த எண் கிடையாது. எவ்வளவு நேரம் சோதிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. இரண்டு நிமிடத்தில் முடியும் வினையில் நொதி சாகுமுன்பே வேலையை முடித்துவிடும், கிராஃபின் உச்சி கூடுதல் டிகிரிக்கு நகரும். அதே நொதியை 50-ல் அரை மணி ஊறவைத்துவிட்டுச் சோதித்தால் உச்சி கீழே இறங்கும். உமிழ்நீருக்குப் பதில் டயாஸ்டேஸ் (இதுவும் ஸ்டார்ச்சைச் சிதைக்கும் நொதிதான்) பொடி வாங்கினாலும் இதைக் கவனிக்க வேண்டும். அது பூஞ்சையிலிருந்து வந்ததாக இருந்தால் உச்சி 50-ஐ ஒட்டியே நிற்கும். 37-ல் நிற்கவில்லையே என்று கிராஃபை வளைக்காதீர்கள்.

அறை வெப்பத்துக்குக் கீழே வேண்டிய 10, 20 டிகிரிகளுக்குத் தெர்மாகோல் பெட்டியே கைகொடுக்கும். மீன் வரும் பெட்டியில் 5 லிட்டர் நீர் விட்டு, ஐஸ் போட்டுக் கலக்கி, வேண்டிய டிகிரிக்கு வந்ததும் மிச்ச ஐஸை அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். அளவு பெரிது, சுவர் வெப்பம் கடத்தாதது. மூடி வைத்தால் ஒரு சோதனைக்கு வேண்டிய நேரம் தாங்கும். 20-ஐத் தாண்டினால் ஒரு ஐஸ் துண்டு. துல்லியத்தில் இந்த இலவசப் பெட்டி மேலே சொன்ன ஆன்-ஆஃப் பாத்துக்குச் சளைத்ததில்லை.

பராமரிப்பில் முதல் எதிரி போர்வெல் தண்ணீர். சில மாதத்தில் காயில்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். காயிலின் சூடு தண்ணீருக்குப் போகத் தாமதமாகி, மேலே ஓடும் டிகிரி இன்னும் கூடும், கடைசியில் காயில் எரியும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். படிந்துவிட்டால் 5 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் விட்டுக் கழுவலாம். கீழே வடிகுழாய் இல்லாத மாடலைக் கவிழ்த்துத்தான் காலி செய்ய வேண்டும்; அப்போது பின்பக்க மின் இணைப்பில் தண்ணீர் போகும். வடிகுழாய் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

தண்ணீர் காயிலுக்குக் கீழே இறங்கினால் தானாக அணையும் வசதி மலிவு மாடல்களில் இல்லை. 70 டிகிரியில் திறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். தண்ணீரும் கரன்ட்டும் பிள்ளைகளும் ஒரே மேசையில் இருப்பதால், மூன்று முள் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்ப்பதும், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுவதும் கட்டாயம். லோ வோல்டேஜ் ஊர்களில் இன்னொன்று: 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் 1000 வாட் ஹீட்டர் 610 வாட்தான் கொடுக்கும். சூடேறத் தாமதமானால் உடனே காயிலைக் குறை சொல்ல வேண்டாம்.

மாற்று என்ன இருக்கிறது? சமையலுக்கென்று விற்கும் சூ வீட் ஸ்டிக் (பாத்திரத்து நீரை ஒரே சூட்டில் வைக்கும், பம்ப் உள்ள ஹீட்டர்) ஒன்றை ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தில் மாட்டினால், பம்ப் தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் மேல்-கீழ் வித்தியாசம் மறைந்துவிடும்; 37, 50, 60 எதுவானாலும் கால் டிகிரிக்குள் நிற்கும். அறை வெப்பத்துக்குக் கீழே அதுவும் போகாது. பள்ளிக் கொள்முதலில் ‘சமையல் கருவி’ என்று பில் வந்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்பது தனிக் கதை. கல்லூரி உயிர்வேதியியல் துறை என்றால் ஸ்டர்ரர் உள்ள சர்க்குலேட்டிங் பாத்துக்கே போய்விடுங்கள். ரத்தப் பரிசோதனை லேபுக்கு இந்த ஆறு துளை ஆகவே ஆகாது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி போன்ற நொதி அளவுகள் 37 டிகிரிக்கென்றே தரப்படுத்தியவை. 2 டிகிரி தவறு 40-ஐ 46 என்று காட்டி, நல்லாயிருப்பவரைக் கல்லீரல் டாக்டரிடம் அனுப்பிவிடும்.

பள்ளிக்கு இதைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கொட்டேஷனில் நான்கைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பிஐடி கன்ட்ரோலர், அதில் ஆஃப்செட் மெனு, வடிகுழாய், 500 முதல் 750 வாட்டுக்குள் ஹீட்டர். ‘±1 டிகிரி’ என்று போட்டிருந்தால் அது டிஸ்ப்ளேயிலா, தண்ணீரிலா என்று கேளுங்கள். டெலிவரிக்கு வருபவர் முன்னாலேயே தண்ணீர் ஊற்றி, 37-க்கு வைத்து, அரை மணி நேரம் கழித்து நடுவிலும் நான்கு மூலைகளிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு சலானில் கையெழுத்துப் போடுங்கள். கம்பித் தாங்கிக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.